பிஸ்கற் ரின்னில் இருந்த தீர்ப்பு

அன்றைக்கு நீதிமன்றத்தில் நீதிபதி ஐயா இருந்தார். அண்ணைக்காகப் பேச ஒரு பிரக்கிராசி. எனக்காகப் பேச ஒரு பிரக்கிராசி. அண்ணை. அவர் மனைவி, என் மச்சாள். நான். அண்ணையின் மடியில் ஒரு பழைய பிஸ்கற் ரின், மூடி போட்ட தகரப் பெட்டி.

அண்ணை என் பெரியப்பாவின் மகன். இரண்டு பேரின் தோட்டத்துக்கும் நடுவில் ஒரே கிணறு. சுன்னாகத்துப் பக்கத்துச் செம்மண். தண்ணீர் தப்பினால் வெங்காயம் படுத்துவிடும். பெரியப்பாவும் என் அப்புவும் அந்தக் கிணற்றுக்காக வழக்காடித் தீர்ப்பு வாங்கினவர்கள். பிறகு நாட்டில் சண்டை வந்தது. எல்லாரும் இடம்பெயர்ந்தோம். அண்ணை முந்தித் திரும்பிவிட்டார். நான் வந்தபோது கிணறு முழுக்கத் தன்னுடையது என்றார். வழக்கும் போட்டார். எங்களிடம் இருந்த தீர்ப்பு வீட்டோடு எரிந்துபோனது. நீதிமன்றத்திலும் பழைய பதிவு இல்லை. அந்தத் தோட்டத்தை விட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை.

என் பிரக்கிராசி எழுந்தார். இது தகப்பன்மார் காலத்திலேயே தீர்ந்த வழக்கு, திரும்ப விசாரிக்க முடியாது என்றார். தீர்ப்பு எங்கே என்று நீதிபதி கேட்டார். பிரக்கிராசி என்னைப் பார்த்தார். வீட்டோடு எரிந்துபோனது என்றேன்.

அப்போது அண்ணை எழும்பினார். அவருடைய பிரக்கிராசி சட்டையைப் பிடித்து இழுத்தும் இருக்கவில்லை.

"தீர்ப்பு என்னட்டை இருக்கு ஐயா! என்ரை அப்பு வெண்ட வழக்கு!"

ரின்னைத் திறந்து கொடுத்தார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் அதை வாசிக்க ஆளில்லை. தான் வென்றதாகப் பெரியப்பா சொல்லிவைத்தார், அண்ணை நம்பினார். கைமாறினால் தொலைந்துவிடும் என்று தன் பிரக்கிராசிக்கே காட்டாமல் வைத்திருந்தார்.

நீதிபதி இரண்டு தரம் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். கிணறு இரண்டு குடும்பத்துக்கும் உரியது. திங்கள் முதல் வியாழன் வரை மூத்தவருக்கு, மிச்ச நாள் இளையவருக்கு. தகப்பன்மார் கேட்டு முடிந்ததைப் பிள்ளைகள் மறுபடி கேட்க முடியாது. வழக்குத் தள்ளுபடி.

நல்ல சட்டம். இறைத்த பாத்திக்கே திரும்பத் திரும்ப இறைத்தால் வெங்காயம் அழுகும்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணை தாளை மடித்து ரின்னில் வைத்தார். மச்சாள்தான் தொடங்கினா.

"இடம்பெயரேக்கை உந்த ரின்னைக் காவ எண்டு என்ரை தையல் மிசினை விட்டிட்டு வந்த மனிசன்!"

அண்ணை ரின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எடேய், இவ்வளவு காலமும் உன்ரை பங்கையெல்லோ நான் சுமந்து திரிஞ்சிருக்கிறன்!"

சிரிக்கத் தொடங்கினவர் நிறுத்தவில்லை. நானும் சிரித்தேன். நான் அதிகம் சிரிக்கிற ஆளில்லை. ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். மச்சாள் தேத்தண்ணீர் போட்டுத் தந்தா.

இப்போது வெள்ளி விடிந்தால் அண்ணையே என் மோட்டரைப் போட்டுவிட்டுக் கூப்பிடுகிறார். "எடேய், உன்ரை முறை. தண்ணி ஓடுது, வா." போன கிழமை அந்த ரின்னைக் கேட்டேன்.

"உன்னட்டைத் தந்தால் துலைச்சுப்போடுவாய்" என்றார்.

சரிதான். அவரிடமே இருக்கட்டும். அதில் எனக்கு உள்ளது வெள்ளி, சனி, ஞாயிறு.

மூன்று நாள்.