வியாழக்கிழமைக் கார்

எழுபத்தாறு வயது முடிந்ததும் அர்லிஸ் தோர்சனின் கார் இன்சூரன்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவிட்டது. அவள் யார்மேலும் இடித்ததில்லை. ஒரு போலீஸ்காரர்கூட அவள் காரை நிறுத்தியதில்லை. வயதானதுதான் குற்றம். கணவர் கடைசியாக வாங்கிய பியூக் கார் இன்னும் பளபளவென்று இருந்தது. அது இல்லையென்றால் ஊருக்கு வெளியே, சோளக்காட்டு நடுவில் உள்ள வீட்டில் அடைந்து கிடக்க வேண்டியதுதான். மினசோட்டாவின் அந்தப் பக்கத்தில் பஸ் என்ற பேச்சே கிடையாது.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் டுவேன் அவளுடைய அண்ணன் மகன். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொடுத்தான்.

"இதைக் கார்ல சொருகிட்டு வழக்கம்போல ஓட்டுங்க அத்தை. எவ்வளவு தூரம் போறீங்க, எப்படி பிரேக் போடுறீங்கன்னு பாத்துக்கும். கம்மியா ஓட்டினா கம்மியா கட்டலாம்."

"நான் எங்கடா ஓட்டுறேன்? சர்ச்சு, மளிகைக்கடை. அவ்வளவுதான்."

வியாழக்கிழமைப் பயணத்தை அவள் தனக்கேகூடச் சொல்லிக்கொள்வதில்லை. அதனால் கருவிக்கும் அது தெரியாது என்பதுபோல இருந்துவிட்டாள்.

கோடை முடிந்ததும் டுவேன் கூப்பிட்டு அனுப்பினான். முகமெல்லாம் குறும்பு.

"ஏன் அத்தை, வாராவாரம் வியாழக்கிழமை தொண்ணூறு மைல்! அந்தத் தூரத்துல கேசினோதானே இருக்கு?"

அர்லிஸுக்கு முகம் கொதித்தது. "ஆமாடா. சும்மா பொழுதுபோக்கு."

"அடேங்கப்பா! பாஸ்டர்கிட்ட போட்டுக் குடுத்துடவா?" என்று சிரித்தவன், பிறகு குரலைத் தணித்தான். "அதை விட்டுடுங்க அத்தை. விட்டா இன்சூரன்ஸ் நல்லாவே குறையும். இல்லேன்னா இந்த வருஷம் உங்களால தாக்குப்பிடிக்க முடியாது."

சூதாடி என்ற பெயரை வாங்கிக்கொண்டு, அப்பாடா என்று வெளியே வந்தாள். உண்மையை விட அது எவ்வளவோ தேவலை. கேசினோவுக்கு இரண்டு தெரு தள்ளி, முன்பின் தெரியாத ஊரில், இலவச உணவுப்பொருள் கொடுக்கிற இடத்தில் அவள் வாராவாரம் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கணவர் போனபின் வருகிற பணத்தில் காருக்குக் கட்டினால் வயிற்றுக்கு இல்லை.

இலவச உணவு அவளுடைய சர்ச்சிலும் உண்டு, சனிக்கிழமைதோறும். ஆனால் அதை நடத்துபவளே அர்லிஸ்தான். வருகிறவர்களிடம் பெயர் என்ன, எந்தத் தெரு, எப்படி வந்தீர்கள் என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்க வேண்டும் என்ற விதியும் அவள் போட்டதுதான். மூன்றாவது கேள்வி டெனிஸ் வந்த பிறகு சேர்ந்தது. இரண்டு குழந்தைகளோடு நல்ல காரில் வந்து இறங்கிய பெண் அவள்.

"கார் வச்சுக்க வசதியிருக்கு, பீன்ஸ் டப்பா வாங்கத்தான் வசதியில்ல" என்று அர்லிஸ் மேசைக்குப் பின்னால் நின்று சொன்னாள். டெனிஸுக்குக் கேட்கட்டும் என்றேதான் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டெனிஸ் தலையைக் குனிந்தபடி பையை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த அயலூரில் அர்லிஸை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. "இன்னும் ரெண்டு முட்டைக்கோஸ் எடுத்துக்கங்கம்மா" என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அந்த வாரம் வியாழக்கிழமை அவள் காரை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ரொட்டியும் தீர்ந்தது. சனிக்கிழமை சர்ச்சுக்குப் போனவள் மேசைக்குப் பின்னால் போகவில்லை. வரிசையின் கடைசியில், டெனிஸுக்குப் பின்னால் போய் நின்றாள். டெனிஸ் திரும்பிப் பார்த்தாள்.

அவள் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த உதவிக்காரி மார்டெல் விழித்தாள். "என்ன அர்லிஸ், இங்க நிக்கிற? யாருக்கு வேணும்? பின்னாடி வந்து எடுத்துக்கோயேன்."

"எனக்குத்தான். கேக்க வேண்டியதக் கேளு."

"அட, உன்கிட்ட போயா..."

"கேளு மார்டெல்."

பெயரைக் கேட்டாள். சொன்னாள். தெருவைக் கேட்டாள். சொன்னாள். எப்படி வந்தாய் என்ற மூன்றாவதைக் கேட்க மார்டெலுக்கு வாய் வரவில்லை. பையோடு வாசலை நெருங்கிவிட்ட டெனிஸ் நின்றுவிட்டாள். அர்லிஸுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை.

"கார்ல வந்தேன்" என்றாள், வாசல்வரை கேட்கும்படி.