அண்ணன் பேசிய பக்கம்

அண்ணன் காய்ச்சலில் இறந்துபோய் இருபது நாள் கழித்து, கோயமுத்தூர் காலேஜில் அவனோடு படித்தவர் ஒருவர் அவனுடைய டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார். சத்தியமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே எங்கள் தோட்டத்துக்கு நடந்து வந்திருந்தார்.

வேட்டிகளுக்கு அடியில் நாலு தாள் இருந்தது. காலேஜ் சங்கக் கூட்டத்தில் அண்ணன் பேசியது என்றார். அப்பா பிறப்பதற்கு முன்பே கட்டிய காலேஜாம் அது. அந்தப் பெரிய ஹாலில், விருந்தாளியாகப் பேச வந்த வக்கீல் மேடையிலேயே அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அப்பாவுக்கு எழுத்து தெரியாது.

"படிங்க தம்பி. எம் பையன் என்ன பேசுனான்னு கேக்கறேன்."

அவர் குஷியாகப் படித்தார். பெண்பிள்ளைகளுக்கு அஞ்சாவதுக்கு மேல் படிப்பு வேண்டியதில்லை என்று அண்ணன் பேசியிருந்தான். 'என் தங்கை அஞ்சாவதோடு நின்றவள். பதினைந்து மாடு கட்டிய கட்டுத்தரையை ஒருத்தியாகப் பார்க்கிறாள். அவளுக்கு என்ன குறைந்துபோயிற்று?' என்று ஒரு இடம். அங்கேதான் எல்லோரும் கை தட்டினார்களாம்.

தை பிறந்ததும் அப்பாவிடம் பேசி, என்னைக் கோயமுத்தூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகச் சொன்னவன் அவன்தான். அடக்க முடியாமல் உளறிவிட்டேன்.

"அண்ணன் என்னப் படிக்க வெக்கறேன்னு சொல்லுச்சுங்களே!"

வந்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஐயோ அம்மணி, அது பேச்சுப் போட்டிங்க, சீட்டுக் குலுக்கிப் போடறது. எந்தப் பக்கம் உழுகுதோ அதத்தான் பேசோணும். எனக்குப் படிக்கோணும்னு உழுந்துச்சு. உங்கண்ணங்கிட்டத் தோத்துப்போட்டேன்."

அப்பா விடவில்லை. "மனசுல இல்லாததையா அத்தன பேருக்கு முன்னால பேசுவான்?"

"பேசிப் பழகறதுக்குங்க. நாளைக்கு வக்கீலாப் போனா..."

"எம் பையன் பொய் பேசற பையனில்லீங்க தம்பி." அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. உங்கண்ணன் பொய் பேசுவானா?"

சீட்டு சமாச்சாரம் எனக்குப் பாதிதான் புரிந்தது. சீட்டில் விழுந்ததற்காகப் பேசினான் என்றால், என்னை எதற்கு நடுவில் இழுத்தான்? சிரித்துக்கொண்டே எழுதியிருப்பானா? அப்பா கண்ணில் தண்ணீர் நின்றது.

"அண்ணன் பொய் பேசாதுங்கப்பா" என்றேன்.

வந்தவர் என்னையே பார்த்தார். பிறகு நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அப்பா அந்தத் தாள்களை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

தை போய் மாசியும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. சில நாள் அண்ணன்மேல் கோபம் கோபமாக வருகிறது. செத்துப்போனவன்மேல் கோபப்படலாமா என்று தெரியவில்லை.