சிலந்திக்குப் பயந்த பொண்டாட்டி

டரான்டுலா வளர்க்கிறேன் என்று சொன்னால் காமயகவுண்டன்பட்டியில் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். உள்ளங்கை அகலத்துக்கு வளரும் ரோமச் சிலந்தி அது. எனக்கு அதில் வெட்கம் கிடையாது. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பவள் நான். கத்தாத, மேலே விழுந்து பிடுங்காத ஒரு ஜீவன் பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

எதை வாங்குவது என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் வாரக்கணக்கில் வாக்குவாதம். சாப்பிட்டு முடித்ததும் ஒரே போனில் தலையை நுழைத்துக்கொண்டு பார்ப்போம். அவருக்கு நீலமாய் மின்னும் மரச்சிலந்திதான் வேண்டும். "அது கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள ஓடிரும். யாரு புடிக்கிறது, நீங்களா?" என்றேன். வளை தோண்டும் ஜாதி அழகுதான், ஆனால் வாங்கி வைத்துவிட்டு வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று தொட்டதற்கெல்லாம் பின்னங்காலால் முடியை உதறும், பட்ட இடம் அரிக்கும். கடைசியில் சுருட்டைமுடி ஜாதியில் ஒரு பெண் சிலந்தி என்று முடிவானது. பழுப்பு உடம்பில் பொன்னிறச் சுருள் முடி, நிதானமான நடை, பெரும்பாலும் வெளியிலேயே உட்கார்ந்திருக்கும், பல வருஷம் உயிரோடும் இருக்கும். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து ஆசையாசையாய்த் தேர்ந்தெடுத்தது அது ஒன்றுதான்.

தையல் மிஷினுக்குப் பக்கத்தில், தேங்காய் நார்த்தூள் பரப்பிய கண்ணாடிப் பெட்டியில் அது குடியேறியது. திராட்சைத் தோட்டத்து வெட்டுக்கிளியை நான் போட மாட்டேன், அவ்வளவும் மருந்தடித்த இடம். இதற்கென்றே ஒரு வாளியில் கரப்பான் வளர்த்தேன். மாமியார் அந்த வாளியைப் பார்த்து முகம் சுளிக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர்தான் எனக்காகப் பேசுவார்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஓடைப்பட்டிக்குப் போக வேண்டி வந்தது. அப்போது சிலந்தி இரையெடுப்பதை நிறுத்தியிருந்தது. "தோலுரிக்கப் போகுது. மல்லாக்கக் கெடந்தாலும் செத்துப்போச்சுன்டு நெனச்சிராதீக. உரிச்ச தோலும் முழுச் சிலந்தி மாதிரியேதான் இருக்கும்" என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன். நான் இல்லாத நேரத்தில் சின்னமனூரிலிருந்து வந்து நாத்தனாரைப் பெண் பார்த்தார்கள். பிடித்துப்போய்விட்டது என்று போனில் சொன்னபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

திரும்பி வந்த அன்று வாசலிலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. "செத்துப்போச்சு. நீ பாக்க வேணாம், நானே பொதச்சிர்றேன்" என்றார். நான் அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று வாங்கித் திறந்தேன். எட்டுக் காலும் இருந்தன. ஆனால் வெங்காயச் சருகு போல எடையே இல்லை. அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"இது தோலுங்க. சிலந்தி எங்க?"

மூடியைச் சரியாகப் போடாததால் ஓடிவிட்டது, நான் திட்டுவேன் என்றுதான் செத்துப்போனதாகச் சொன்னாராம். நான் சொல்லிக் கொடுத்ததை வைத்தே என்னை ஏமாற்றப் பார்த்தவரை, அதற்குப் பிறகும் நம்பினேன். மிஷினை நகர்த்தி, அரிசி மூட்டையை நகர்த்தி, மூலை மூலையாய்த் தேடினேன். பக்கத்தில் நின்று டார்ச் அடித்தது அவர்தான்.

அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கச் சின்னமனூர் போனோம். சம்பந்தம் முடிவானபின் அங்கே சாப்பிடும் முதல் சாப்பாடு. இலைக்கு எதிரே, டிவிக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கண்ணாடித் தொட்டி. உள்ளே என் சிலந்தி, புதுத்தோலில் பளபளவென்று.

மாப்பிள்ளையின் அப்பா வாஞ்சையாகப் பேசினார். "ஏந் தாயி, இன்னும் பயமாத்தான் இருக்கா? பொண்ணு பாக்க வந்தப்ப நாங்க ஆசப்பட்டுப் பாத்தோம். ஒங்க வீட்டுக்காரருதான், 'எம் பொண்டாட்டிக்கு இதக் கண்டாலே ஆகாது, தூங்கவே மாட்டேங்குறா, நீங்களே கொண்டு போங்க'ன்டு குடுத்தாக. பெரிய மனசு."

மாமியார் ரசச் சோற்றை மும்முரமாகப் பிசைந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். நாத்தனாரின் கல்யாணமாயிற்றே, பயந்தாங்கொள்ளி என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது தொட்டிக்குள் கரப்பான் ஒன்று சிலந்தியின் மேல் ஏறியது. சிலந்தி காலை இழுத்துக்கொண்டதே தவிர அடிக்கவில்லை. தோலுரித்த புதிதில் அதன் பல்கூட இறுகியிருக்காது. கரப்பானே அதைக் கடித்துக் கொன்றுவிடும்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கையை முந்தானையில் துடைத்து, மூடியைத் திறந்து உள்ளே விட்டேன். யாரோ "ஐயய்யோ" என்றார்கள். கரப்பானைப் பிடித்து வெளியே எடுத்தேன். என் விரல் பட்டும் சிலந்தி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"தோலு இறுகுற வரைக்கும் எரை போடாதீக, தண்ணி மட்டும் வைங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்தார். பிறகு இலையிலிருந்து தலையைத் தூக்காத என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அப்ப இத வளத்தது யாரு?"

நான் தொட்டியின் மூடியைச் சரியாகப் போட்டேன். பொய் சொன்ன வாயாலேயே என் வீட்டுக்காரர் சொல்லட்டும் என்று நின்றேன்.