சேவியர் அண்ணனின் பிக்கார்ட்

போன ஞாயிற்றுக்கிழமை கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பிக்கார்டைப் பார்த்தேன். அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை.

பிக்கார்ட் என்றால்? கிட்டாரின் முகத்தில், கம்பிகளுக்குக் கீழே ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் தகடு. நகம் பட்டு மரம் கீறாமல் இருக்க. பக்கத்து வீட்டு சேவியர் அண்ணன், மேடையில் சினிமாப் பாட்டுப் பாடும் கானமேளா குரூப்பில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். அவருடைய கிட்டாரில் அது உடைந்து வெகுகாலம் ஆகிறது.

அண்ணனுக்கு ஈரலில் புற்றுநோய். கடைசிக் கட்டம். டாக்டர் அதை அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவிடம் மட்டும்தான் சொன்னார். அக்கா எங்களிடம் சொன்னார். அண்ணனிடம்? மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தோம்.

"சர்ச் பெருநாளுக்கு வாசிக்கணும்லா? அதுக்குள்ள பிக்கார்ட் செஞ்சிரலாம்." அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று அக்காதான் ஆரம்பித்தார். கிட்டாரின் மேல் காலண்டர் அட்டையை வைத்து, கச்சிதமாக வரைந்து வெட்டினார். பஜாரில் நேம் போர்டு செய்யும் பாலனிடம் கொண்டுபோய், "அவங்க பேரும் போடணும்" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பாலன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தகடு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தை நான்தான் உரிப்பேன் என்று அண்ணன் வாங்கிக்கொண்டார். உரித்தார்.

முதலில் ஒரு சிலுவை. அதன் கீழே அவர் பெயர். அதற்கும் கீழே 'பிறப்பு', 'இறப்பு' — எதிரே காலி இடம்.

பாலனிடம் அப்புறம் விசாரித்தேன். அவர் அதிகம் செய்வது கல்லறைத் தகடுகள். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் கேள்வி கேட்கமாட்டார். சேவியர் போய்விட்டார், பாட்டுக்காரர் என்பதால் இப்படியொரு ஷேப் என்று அவராகவே நினைத்துக்கொண்டாராம். தேதி பிறகு வரும் என்று வழக்கம்போல இடமும் விட்டுவிட்டார்.

அவரைச் சொல்லி என்ன? நம்மிடையே ஒருவருக்கு நோய் என்றால் தெருவுக்கே தெரியும். மீன் கொண்டுவருகிற சேட்டனுக்கும் தெரியும்... படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியக்கூடாது.

அக்கா தகட்டைப் பிடுங்கப் போனார். அண்ணன் கொடுக்கவில்லை. விரலால் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"வேலை சுத்தமாட்டு இருக்கு. தேதிக்குக்கூட இடம் விட்டிருக்கான்."

பிறகு அக்காவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஸ்டெல்லா, இனி அடுக்களைல போயி அழாண்டாம், கேட்டியா. இங்கேயே இரி."

மஞ்சள் காமாலைக்கு யாரும் அப்படி அழமாட்டார்கள் என்பது... எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.