மெத்தைகளுக்கு நடுவே கேட்ட குரல்

புதுச் சிமெண்டின் ஈரம் மணக்கிற அந்த ஹாலில் அம்மா ஒரு கரண்டியைத் தவறவிட்டால், அந்தச் சத்தம் நான்கு சுவர்களிலும் மோதி, கூரையைத் தொட்டு, நாங்கள் மறந்த பிறகும் ஏதோ ஒரு மூலையில் கொஞ்சநேரம் நின்றுகொண்டிருக்கும். வெள்ளறடைக்குப் போகும் சாலையோரம், ரப்பர் மரங்களுக்கிடையே, அப்பா வளைகுடாவில் வேலை செய்து கட்டிய வீடு அது. ஹாலில் மொசைக் தரையும் வெறும் சுவர்களும் மட்டுமே இருந்தன. அக்காவும் தங்கையுமாக நானும் ஷீபாவும் நடுவில் நின்று கூவிவிட்டு, திரும்பி வரும் எங்கள் குரலுக்காகக் காத்திருப்போம். அக்கம்பக்கத்தார் அதை "முழக்கம்" என்பார்கள்.

அந்த மழைக்காலத்தில் அப்பா விடுமுறைக்கு வந்தார். எப்போதாவது வந்துபோகும் அவரிடம் எங்களுக்குக் கூச்சம். எங்களிடம் என்ன பேசுவதென்று அவருக்கும் தெரியவில்லை. பெட்டியிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் எடுத்து, ஸ்பீக்கர்களை மூலைகளில் சுவரோடு ஒட்டிவைத்து, ஒரு கேசட்டைப் போட்டார். நாங்கள் மூவரும் பேசிப் பதிந்து அவருக்கு அனுப்பிய கேசட்.

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கூட்டமே பேசுவதுபோல் இருந்தது. ஒரு சொல் அடங்குமுன் அடுத்தது அதன்மேல் ஏறியது. என் குரல் எது, ஷீபாவின் குரல் எது என்று எனக்கே தெரியவில்லை. அப்பா குமிழ்களை மாற்றி மாற்றித் திருகிப் பார்த்துவிட்டு அணைத்தார்.

"அங்க நல்லா கேட்டதாக்கும்," என்றார், தரையைப் பார்த்தபடி. "பக்கத்துல இருந்து பேசுன மாதிரி கேட்டுது. வழியில கெட்டுப்போச்சு போல."

அம்மா சற்று யோசித்தாள். "அங்க உங்க ரூமு எப்படி இருக்கும்?"

அதுவரை நாங்கள் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அவர் மெதுவாகச் சொன்னார்: அடுக்குக் கட்டில்கள், எல்லாவற்றிலும் மெத்தையும் கம்பளியும், சுவர் தெரியாமல் ஆணிகளில் தொங்கும் சட்டைகள், தரையில் யாரோ விட்டுப்போன கார்பெட், கட்டில்களுக்கு நடுவே ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு சந்து.

"மக்கா, உள்ள கெடக்குற மெத்தை எல்லாத்தையும் இழுத்துட்டு வாங்க," என்றாள் அம்மா.

மெத்தைகளைச் சுவர்களில் சாய்த்தோம். கொடி கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டோம். தரையில் பாயும் போர்வையும் விரித்தோம். அப்பா ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து நகர்த்தி அருகில் வைத்தார். அந்தத் துணிக்கூட்டுக்குள் நால்வரும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு உட்கார்ந்தபோது, வெளியே கொட்டிய மழைகூட எங்கோ தொலைவில் பெய்வதுபோல் மெல்லியதாகிவிட்டது.

"அப்பா, எனக்குப் பல்லு விழுந்துட்டு. நீங்க வாறப்ப புதுப் பல்லு இருக்கும்," என்றது என் குரல், அத்தனை தெளிவாக. பிறகு அம்மாவின் குரல்: "எங்களுக்கு இங்க சுகம்." அதற்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில், எச்சில் விழுங்குகிற சின்னச் சத்தம்.

அப்பா நிறுத்தினார். "இந்த எடத்துல நீ அழுதியா? ஒவ்வொரு தடவையும் தோணும்."

"அது கேக்குமின்னு நினைக்கல்ல," என்றாள் அம்மா. கொஞ்சம் கழித்து, "இனி அந்த ரூமுக்குப் போவண்டாம்," என்றாள்.

அப்பா போகவில்லை. பக்கத்திலிருந்த பனச்சமூட்டில் ஆட்டோ ஓட்டினார். மெத்தைகள் உள்ளே போனதும் ஹால் பழையபடி முழங்கியது. ஆனால் சில வாரங்களில் அந்த முழக்கத்துக்குள்ளிருந்தே சொற்களைப் பிரித்தெடுக்க எங்கள் காதுகள் பழகிவிட்டன. பூவாரிலிருந்து வந்த மாமா, "ஒண்ணும் மனசிலாவல்லியே!" என்று காதைப் பொத்தியபோது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்குள் அப்பாவின் மடியில் தூங்கவும் நாங்கள் பழகியிருந்தோம்.

இப்போது அந்த ஹாலில் சோபாவும் திரைச்சீலைகளும் நிறைந்து, கூவினால் குரல் திரும்புவதில்லை. கேசட்டில் பூஞ்சை படர்ந்து நாடா ஒட்டிப்போயிற்று. அம்மாவும் இல்லை. அப்பாவுக்குப் புதிதாகக் காதுக் கருவி வைத்திருக்கிறார்கள். எல்லாம் தகரம்போல் கேட்கிறதென்று அடிக்கடி கழற்றிவிடுகிறார். போன வாரம், நான் இப்போது வசிக்கும் நெய்யாற்றின்கரையிலிருந்து அவரைப் பார்க்கப் போனபோது, டிவியையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டு, அவர் அருகில் உட்கார்ந்து என் அலுவலகக் கதைகளை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு இப்ப அம்மைக்க குரலாக்கும், மக்கா," என்றார். "நிறுத்தாத, பேசு."