மலையம்மாளின் அடயோகம்

மதுரை கே.கே. நகரில், எங்கள் தெருக்கோடி கிளினிக்கின் மாடியில் தினமும் காலை ஆறு மணிக்கு யோகா வகுப்பு நடக்கும். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்ற சௌந்தரராஜனாகிய நானும் அதில் ஒரு மாணவன். குனிந்தால் என் கை முழங்காலைத் தாண்டாது, தொப்பை வழி விடாது. ஆனாலும் ஒரு வருட அனுபவசாலி என்ற மிதப்பில் முன்வரிசையில்தான் பாய் விரிப்பேன்.

ஆனி மாதம் ஒரு நாள் மலையம்மாள் வந்து அந்த மிதப்பைக் காலி செய்தார். அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐம்பத்தோரு வயது. பதினைந்து வயதிலிருந்து அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அம்மாவின் இடுப்பு வலியைப் பார்க்கச் சகிக்காமல், வங்கியில் வேலை பார்க்கும் மகன் சித்தார்த் எங்கள் தெருவிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான்.

வகுப்பு எடுப்பவர் யோகா மருத்துவம் படித்த டாக்டர் இந்துப்ரியா. "மெதுவா குனிங்க, எட்டுற வரைக்கும் போதும்" என்றார். மலையம்மாள் முழங்கால் மடங்காமல் இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்து, அப்படியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா? இதுக்குப் போயி பாயெல்லாம் விரிச்சிருக்கீக?"

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அடுத்த நிமிடமே அந்த எரிச்சல் போய்விட்டது. இடுப்பில் கை வைத்துப் பின்னால் சாயச் சொன்னார் டாக்டர். மலையம்மாளால் சாய்வது இருக்கட்டும், நேராக நிற்கவே முடியவில்லை. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இவருடைய கேள்வி வேறு. பதினைந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிருமா?

"குனியிறது உங்களுக்கு ஆசனம் இல்லம்மா, அது நீங்க பாத்த வேலை. உங்க ஆசனம் நிமிர்றதுதான்" என்றார் டாக்டர்.

படி இறங்கும்போது மலையம்மாள் என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, போன வருசம் என் பேர்ல அரை ஏக்கர் வாங்கியிருக்கோம். எங்க வம்சத்துக்கே அதுதான் மொத நெலம். ஐப்பசியில மொத நடவு. டாக்டரு சரின்னு சொன்னாத்தான் வயல்ல எறங்கணும், இல்லாட்டி ஆள் விட்டு நட்டுக்கிருவோம்ங்கிறான் மகன். ஊரான் வயலுக்கெல்லாம் நட்ட கை, என் வயல வேடிக்கையா பாக்கும்?"

ஒரு நாள் டாக்டர் ஹட யோகம் என்ற பெயருக்கு விளக்கம் சொன்னார். "‘ஹ’ன்னா சூரியன், ‘ட’ன்னா சந்திரன், ரெண்டையும் சமமா சேக்கிறதுன்னு ஒரு விளக்கம். பிடிவாதம்னும் ஒரு அர்த்தம் இருக்கு. நாம அடம் பிடிக்கிறோம்ல, அந்த அடமும் இதே வார்த்தைதான். அட யோகம்னே தமிழ்ல எழுதுவாங்க."

"அடமா? அது எங்கிட்ட மூட்டை மூட்டையாக் கெடக்கே!" என்றார் மலையம்மாள்.

வினை அங்கேதான் தொடங்கியது. குப்புறப் படுத்து, பாம்பு படமெடுப்பதுபோல் நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனத்தை மூன்று முறை செய்யச் சொல்லியிருந்தார் டாக்டர். நடவில் போட்டி போட்டு வரிசை முடித்த பழக்கம், வீட்டில் முப்பது முறை செய்துவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டு நான்கு நாள் படுக்கை. "போதும்மா, ஆள் விட்டே நட்டுக்கிருவோம்" என்று சித்தார்த் முடித்துவிட்டான்.

ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்தபடி மலையம்மாள் மாடி ஏறி வந்தார். டாக்டர் திட்டவில்லை.

"அடத்த உடம்புகிட்டக் காட்டாதீங்கம்மா, தினமும் வர்றதுல காட்டுங்க. மூச்சு முட்டுனா உடம்பு போதும்னு சொல்லுதுன்னு அர்த்தம். அங்கயே நின்னுருங்க."

ஒரு வருடம் படித்த எனக்கும் அன்றுதான் பாடம் ஏறியது. உடம்பை முறுக்குவதல்ல யோகா. ஒரு நிலையில் நிற்க வேண்டும், மூச்சைச் சீராக விட வேண்டும், பிறகு ஓய்வெடுக்க வேண்டும். ஆவணி முடிவதற்குள் மலையம்மாள் புரளாமல் தூங்க ஆரம்பித்தார். புரட்டாசியில் சுவரைப் பிடிக்காமல் நிமிர்ந்தார். எனக்கும் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.

ஐப்பசியில் டாக்டர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். நடவில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர வேண்டும், பின்னால் சாய்ந்து மூன்று மூச்சு விட வேண்டும்.

நடவுக்கு நானும் போயிருந்தேன். சித்தார்த்தும் நானும் வரப்பில் நின்றோம். மலையம்மாளோடு ஐந்து பெண்கள் சேற்றில் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மலையம்மாள் நிமிர்ந்தார், இடுப்பில் கை வைத்து வானம் பார்க்கச் சாய்ந்தார்.

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த சோலையம்மாள் குனிந்தபடியே பதறினார். "என்னடி, நடவு நேரத்துல நிமிந்து நிக்கிற?"

"இம்புட்டு நாளும் நிமிந்தா வரப்புல இருந்து ஏச்சு விழும். இன்னைக்கு வரப்பும் என்னுது. எல்லாரும் நிமிருங்கடி!"

ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். சோலையம்மாள் மட்டும், நாங்கள் நின்ற வரப்பை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.