கூழாங்கல் கலந்த குவியல்

சுத்தியல் பட்டுக் கருங்கல் பிளக்கும்போது தீக்குச்சி உரசியதுபோல ஒரு கருகல் வாசனை வரும்; அம்மாவின் புடவையில் எப்போதும் அந்த வாசனைதான். அறுபதுகளின் கடைசியில் ஓரிக்கை போகும் சாலைக்கு ஜல்லி உடைத்தவர்களில் அவளும் ஒருத்தி. பெரிய ஜல்லியை அடியில் பரப்பி, சின்ன ஜல்லியை மேலே தூவி, சந்துகளில் செம்மண் கிராவலைத் தள்ளித் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டுவார்கள். அம்மா கல்லைத் தட்டிப் பார்ப்பாள். 'கணீர்' என்றால் எடுப்பாள், 'பொத்'தென்றால் "இது தண்ணி குடிக்கிற கல்லு, ஒரு மழைக்கே மாவாப் பூடும்" என்று ஒதுக்கிவிடுவாள். தட்டையாகப் பிளந்ததும் ஆகாது, ரோலர் ஏறினால் நொறுங்கிவிடும்.

அந்த வைகாசியில், கருட சேவைக்கு முதல் நாள், அம்மா உடைத்த குவியல், கூலிக்கு அளக்கும் பெட்டிக்குக் கால்வாசி குறைந்தது. அது நிரம்பினால்தான் விடியற்காலையில் வரதரைச் சேவிக்க வரமுடியும். வருஷம் பூரா அவள் வேண்டிக்கொண்டு காத்திருப்பது அந்த ஒரு சேவைக்குத்தான். அவள் அந்தண்டை போன நேரம் பார்த்து, பாலாற்றில் பொறுக்கிய கூழாங்கற்களைப் பாவாடை மடியில் கொண்டுவந்து குவியலில் கொட்டி, மேலே ஜல்லியைப் பரப்பி மறைத்துவிட்டேன். எல்லாம் கல்தானே, ஏழு வயதுக்கு வேறென்ன தெரியும்?

சாயங்காலம் வந்த மேஸ்திரி காலால் குவியலைக் கிளறினார்.

"ஏம்மா, ரோடு போடறியா, அஞ்சாங்கல்லு ஆடறியா? உருண்டைக் கல்லு ஒண்ணையொண்ணு புடிச்சிக்காதும்மா, வண்டி ஏறினா உருண்டுக்கினே கெடக்கும். மொத்தமும் பொறுக்கிட்டு, கருங்கல்லு உடைச்சு ரொப்பு. நாளைக்கு ரோலர் வருது."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான்தான் தெரியாம போட்டுட்டேன் மேஸ்திரி" என்றாள்.

விடியலில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, கருடன்மேல் வந்த பெருமாளைக் கண்குளிரச் சேவித்தேன். "நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வரேன்" என்ற அம்மாவைக் காணவே காணோம். மத்தியானம் வீட்டுக்கு வந்தவளிடம் அப்பா, "சேவிச்சியா?" என்றார். "ஆச்சே, அந்தக் கூட்டத்துல உங்களத்தான் காணோம்" என்று சிரித்தாள். அவள் முழங்கை வரைக்கும் கல்தூசி.

இப்போது ஜல்லியை மெஷின் உடைக்கிறது, லாரி கொண்டுவந்து கொட்டுகிறது. சாலையோரம் உட்கார்ந்து உடைப்பவர்கள் யாருமில்லை. அம்மாவும் இல்லை. வருஷா வருஷம் கருட சேவைக்குப் போகிறேன், அவளுக்கும் சேர்த்துத்தான் கை கூப்புகிறேன். அந்தக் கற்களைப் போட்டது நான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் இருந்தவரைக்கும், என் வாயால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவேயில்லை.